பூட்டான்: ஆட்கள் வயலில், பணம் ஆற்றில்

முன்னுரை

பூட்டான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது "மொத்த தேசிய மகிழ்ச்சி" என்ற சொல்தான். புத்த மடங்கள், பனி மலைகள், சிரித்த முகங்கள் என்று ஒரு படம் மனதில் வந்துவிடும். ஆனால் அந்த நாட்டு மக்கள் என்ன தொழில் செய்து பிழைக்கிறார்கள்? அரசாங்கத்தின் கஜானாவுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? இந்த இரண்டு கேள்விகளையும் யாரும் அதிகம் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்தால் ஒரு வினோதம் தெரியும். இரண்டுக்கும் பதில் ஒன்றல்ல! மக்களில் பெரும் பகுதியினர் வயலில் இருக்கிறார்கள். பணமோ ஆற்றிலிருந்து வருகிறது. வேலையும் வருமானமும் இப்படிப் பிரிந்து போனது எப்படி, அதனால் லாபம் அடைந்தவர்கள் யார், இழந்தவர்கள் யார் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நாணயம் இல்லாத அரசாங்கம்

பூட்டானின் பரப்பளவு சுமார் 38,000 சதுர கிலோமீட்டர். 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 7 லட்சத்து 27 ஆயிரம். வடக்கே 7,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பனிச் சிகரங்கள். தெற்கே சில நூறு மீட்டர் உயரமே உள்ள அடிவாரக் காடுகள். நடுவில் பாரோ, திம்பு, புனாக்கா, பும்தாங் போன்ற பள்ளத்தாக்குகள். பயிர் செய்யத் தக்க நிலம் மிகக் குறைவு. நாட்டின் பெரும்பகுதி காடு. எந்தக் காலத்திலும் நிலப்பரப்பில் 60 சதவீதம் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கட்டாயப்படுத்துகிறது.

1907-ஆம் ஆண்டு டிசம்பர் 17 அன்று உக்யேன் வாங்சுக் முதல் பரம்பரை மன்னராக முடிசூட்டப்பட்டார். அந்தக் காலத்தில் பூட்டானியருக்கு வரி என்றால் பணம் அல்ல. நெல், வெண்ணெய், நெய்த துணி, உடல் உழைப்பு, இவைதான் வரி. "ட்சோங்" என்று அழைக்கப்படும் கோட்டைகளில் தானியக் களஞ்சியங்கள் இருந்தன. விவசாயி கொண்டு வந்த நெல் அங்கே போய்ச் சேரும். அதிலிருந்துதான் துறவிகளும் அதிகாரிகளும் சாப்பிட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால் நெற்களஞ்சியம்தான் கஜானா.

ரொக்கம் வந்த வழிகள் இரண்டே. ஒன்று, பிரிட்டிஷ் இந்தியா கொடுத்த ஆண்டுத் தொகை. 1864-65 துவார் போரில் பூட்டான் தோற்று, அடிவாரத்தில் இருந்த செழிப்பான துவார் பகுதிகளை இழந்தது. 1865 சிஞ்சுலா ஒப்பந்தப்படி அதற்கு ஈடாக ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை கிடைத்தது. 1910 புனாக்கா ஒப்பந்தத்தில் அது 1 லட்சம் ஆனது. சுதந்திர இந்தியாவுடன் 1949-ல் செய்த ஒப்பந்தத்தில் 5 லட்சம் ஆனது.

இரண்டாவது வழி, தெற்கு அடிவாரத்தில் குடியேறியவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து நேபாளி மொழி பேசும் விவசாயிகள் அங்கே வந்து, கொசுவும் காய்ச்சலும் நிறைந்த காட்டைத் திருத்தி வயலாக்கினார்கள். வடக்கே இருந்தவர்கள் பொருளாக வரி கொடுத்தபோது, இவர்கள் நாணயமாகக் கொடுத்தார்கள். இந்தத் தெற்கத்தி விவசாயிகளை மறந்துவிடக் கூடாது. இந்தக் கதையில் அவர்கள் மறுபடியும் வருவார்கள்.

மூடிய வடக்கு, திறந்த தெற்கு

பூட்டானின் பழைய வாணிபம் வடக்கு நோக்கியது. அரிசியும் துணியும் திபெத்துக்குப் போகும். உப்பும் கம்பளியும் தேயிலையும் திரும்பி வரும். 1959-ல் திபெத்தில் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டதும் நிலைமை தலைகீழானது. பூட்டான் வடக்கு எல்லையை மூடியது. பல நூற்றாண்டு வாணிபம் ஓரிரு ஆண்டுகளில் நின்று போனது.

அப்போது மன்னராக இருந்தவர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக். 1952 முதல் 1972 வரை ஆண்ட மூன்றாம் மன்னர். அடிமை முறையை ஒழித்தவர், 1953-ல் தேசிய சபையை அமைத்தவர், நிலத்துக்கு உச்சவரம்பு கொண்டு வந்தவர். (பின்னாளில் இந்த உச்சவரம்பு 25 ஏக்கர் என்று சட்டமானது.) பொருளாக வாங்கிய வரியைப் படிப்படியாகப் பணமாக மாற்றியதும் இவர் காலத்தில்தான்.

1958-ல் நேரு பூட்டானுக்குப் போனபோது மோட்டார் சாலை கிடையாது. குதிரையிலும் யாக் எருதின் மீதும் மலை ஏறித்தான் பாரோவை அடைந்தார். மூன்றே ஆண்டுகள் கழித்து, 1961-ல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. மொத்தச் செலவு சுமார் 17 கோடியே 47 லட்சம் ரூபாய். அத்தனையும் இந்தியா கொடுத்தது. அதில் பெரும்பங்கு சாலைக்குப் போனது. 1962-ல் எல்லை ஊரான புன்ட்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்குச் சாலை தயாரானது. கழுதைப் பாதையில் ஒரு வாரம் ஆன பயணம் ஒரு நாளைக்குள் அடங்கியது.

சாலை வந்ததும் பயிரும் மாறியது!

உருளைக்கிழங்கும் ஆரஞ்சும்

அதுவரை விவசாயி தன் வீட்டுக்கும் வரிக்கும் தான் பயிர் செய்தான். புனாக்காவில் நெல், பாரோவில் சிவப்பரிசி, குளிர் அதிகமான பும்தாங்கில் பக்வீட் என்னும் தானியம், எல்லா இடத்திலும் மிளகாய். சாலை வந்த பிறகுதான் விற்பதற்கென்று பயிர் செய்ய முடிந்தது.

இதில் உருளைக்கிழங்கின் கதை சுவையானது. 1774-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ், ஜார்ஜ் போகிள் என்ற இளைஞரைப் பூட்டான் வழியாகத் திபெத்துக்குத் தூது அனுப்பினார். போகிற வழியில் தங்கும் இடங்களில் எல்லாம் உருளைக்கிழங்கு நடச் சொல்லி அனுப்பினார். ஆனால் நட்ட கிழங்கு பணப்பயிராக மாற ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஆயின. காரணம் எளிது. கிழங்கு எடை அதிகம், விலை குறைவு. குதிரை முதுகில் ஏற்றினால் கூலிக்கே கட்டாது. லாரி வந்தால்தான் கட்டும். இந்தியச் சமவெளியில் புதுக்கிழங்கு இல்லாத கோடை, மழை மாதங்களில் பூட்டான் கிழங்கு சந்தைக்கு வருவதால் நல்ல விலையும் கிடைத்தது. போப்ஜிகா போன்ற உயரமான பள்ளத்தாக்குகளில் விளைந்த கிழங்கு புன்ட்ஷோலிங்குக்கு இறங்கி வந்து ஏலத்தில் விற்பனையானது. மேற்கே ஆப்பிள், தெற்கே ஆரஞ்சும் பெரிய ஏலக்காயும் பாக்கும் இதே போல் வளர்ந்தன.

இந்த மாற்றத்தில் ஒரு வெளிநாட்டவரின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும். கெய்ஜி நிஷியோகா என்ற ஜப்பானிய வேளாண் நிபுணர் 1964-ல் பூட்டானுக்கு வந்தார். பாரோவில் ஒரு சிறிய நிலத்தில் ஆரம்பித்து, புதிய காய்கறி வகைகளையும் நெல்லை வரிசையாக நடும் முறையையும் பழக்கினார். 28 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1980-ல் மன்னர் அவருக்கு "தாஷோ" என்ற உயரிய பட்டம் கொடுத்தார். 1992-ல் பூட்டானிலேயே காலமானார்.

இந்தக் காலகட்டத்தின் சிறப்பு என்ன? பணம் வந்தது கொஞ்சம்தான். ஆனால் அது விவசாயியின் கைக்கே நேராக வந்தது. அடுத்து வந்த பணம் அப்படிப்பட்டதல்ல.

சுக்கா: ஆறு கஜானா ஆனது

பனிமலையில் பிறந்து, மிகக் குறுகிய தூரத்தில் பல ஆயிரம் மீட்டர் இறங்கி, இந்தியச் சமவெளியில் போய் விழுபவை பூட்டானின் ஆறுகள். இந்த இறக்கம் விவசாயத்துக்குத் தொல்லை. மின்சாரத்துக்கோ வரம்!

1974-ல் பூட்டானும் இந்தியாவும் சுக்கா நீர்மின் திட்டத்துக்கு ஒப்பந்தம் செய்தன. வாங்சூ ஆற்றில் 336 மெகாவாட். செலவு சுமார் 246 கோடி ரூபாய். அதில் 60 சதவீதம் மானியம். மீதி 40 சதவீதம் 5 சதவீத வட்டிக்குக் கடன். 1986 முதல் 1988 வரை இயந்திரங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. தன் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தைப் பூட்டான் இந்தியாவுக்கு விற்றது. தொடக்கத்தில் விலை ஒரு யூனிட்டுக்கு ஒரு ரூபாய்க்கும் மிகக் குறைவு. 1990களின் இறுதியில் அது 1 ரூபாய் 50 பைசா ஆனது.

மூலதனத்தில் பாதிக்கு மேல் இனாம், வாங்குபவர் நிச்சயம், மூலப்பொருள் ஆற்று நீர். இப்படி ஒரு வியாபாரம் யாருக்குக் கிடைக்கும்? இலவசப் பள்ளி, இலவச மருத்துவம், கிராமத்துக்கு மின்விளக்கு எல்லாம் பரவலாக வந்ததில் சுக்காவின் பங்கு பெரியது. இதைக் குறைத்துச் சொல்ல முடியாது.

சுக்காவைப் பின்பற்றி 60 மெகாவாட் குரிச்சூ 2001-02-லும், 1,020 மெகாவாட் தாலா 2006-07-லும் வந்தன. தாலா ஓடத் தொடங்கிய 2007-ல் நாட்டின் பொருளாதார வளர்ச்சி ஏறத்தாழ 18 சதவீதம்! அந்த ஆண்டு விவசாயிகள் யாரும் 18 சதவீதம் அதிகமாக நெல் விளைவிக்கவில்லை. ஒரே ஒரு மின் நிலையம் கணக்கில் ஏறியது. அவ்வளவுதான்.

மின்சாரத்தைத் தின்னும் தொழிற்சாலைகள்

பூட்டானின் நவீன தொழில் என்பது பெரும்பாலும் மின்சாரத்தின் நிழலில் வளர்ந்தது. கோம்டுவில் சுண்ணாம்புக் கல்லை நம்பி பெண்டென் சிமெண்ட் ஆலை வந்தது. சாம்ட்சேயில் பழச்சாறும் ஜாமும் தயாரிக்கும் ஆலை வந்தது. ஆனால் எல்லையை ஒட்டிய பாசாக்காவில் வந்தவைதான் பெரியவை. 1988-ல் கால்சியம் கார்பைடு ஆலை, 1990களில் ஃபெரோசிலிக்கான் ஆலை.

ஃபெரோசிலிக்கான் என்பது எஃகு தயாரிக்கப் பயன்படும் ஒரு கலவை உலோகம். குவார்ட்ஸ் கல்லை மின் உலையில் பெரும் சூட்டில் உருக்கித் தயாரிக்கிறார்கள். இதில் மின்சாரச் செலவுதான் முக்கியம். அதாவது பாசாக்காவில் நடப்பது மலிவான மின்சாரத்தை லாரியில் ஏற்றக்கூடிய சரக்காக மாற்றும் வேலை எனலாம். அந்தச் சரக்கு இந்திய எஃகு ஆலைகளுக்குப் போகிறது. மின்சாரத்தோடு ஃபெரோசிலிக்கானும் நாட்டின் முக்கிய ஏற்றுமதி ஆனது.

சிக்கல் எங்கே? இரண்டுக்குமே ஆட்கள் அதிகம் வேண்டாம். அணை கட்டும்போது பல ஆயிரம் பேர் வேண்டும். அவர்களில் பெரும்பாலோர் இந்தியத் தொழிலாளர்கள். கட்டி முடித்த பிறகு ஒரு மின் நிலையத்தை நடத்தச் சில நூறு பேர் போதும். பண வெள்ளம் வந்தது, வேலை வரவில்லை.

தெற்கின் காலி வயல்கள்

சுக்காவின் இயந்திரங்கள் முழுமையாக ஓடத் தொடங்கிய அதே 1988-ல் தெற்கில் இன்னொன்று நடந்தது. 1985-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் அடிப்படையில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1958-ல் தாம் அங்கே வாழ்ந்ததற்கு ஆவணம் காட்ட வேண்டும் என்றார்கள். காட்ட முடியாதவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள் ஆனார்கள். வடக்கின் உடையும் நடை முறையும் எல்லோருக்கும் கட்டாயமாயின. பள்ளிகளில் நேபாளி மொழி நிறுத்தப்பட்டது. 1990-ல் தெற்கில் போராட்டம் வெடித்தது. அரசு கடுமையாக ஒடுக்கியது. 1990களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள், வெளியேற்றப்பட்டார்கள்.

நேபாளத்தின் ஜாபா, மொராங் மாவட்ட முகாம்களில் சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஏழு லட்சம் மக்கள்தொகை உள்ள நாட்டுக்கு இது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள்! பூட்டானும் நேபாளமும் பல சுற்றுப் பேச்சு நடத்தியும் முகாமில் இருந்தவர்கள் ஊர் திரும்ப வழி பிறக்கவில்லை. 2007-08 முதல் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்கள் விட்டுப்போன நிலங்கள் சிலவற்றில் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் நிலமற்றவர்களை அரசு குடியேற்றியது.

மண்ணிலிருந்து வருமானம் வந்த காலத்தில் தெற்கின் விவசாயி நாட்டுக்குத் தேவைப்பட்டான். அவன் கொடுத்த நாணயம் தேவைப்பட்டது. அவனை விரட்டியதற்குக் காரணம் பொருளாதாரம் அல்ல. இனம், மொழி, அண்டை நாடான சிக்கிம் 1975-ல் இந்தியாவுடன் இணைந்ததைப் பார்த்து எழுந்த பயம் எல்லாம் சேர்ந்தது அது. ஆனால் ஆறு பணம் தரத் தொடங்கிய நாட்டில், ஆரஞ்சுத் தோட்டக்காரனை இழப்பது கஜானாவுக்குப் பெரிதாக உறைக்கவில்லை. இதுவும் உண்மை.

கடன் என்னும் அடுத்த அத்தியாயம்

தாலாவுக்குப் பிறகு இன்னும் பெரிதாகக் கட்ட ஆசை வந்தது. இந்த முறை கணக்கு மாறிப் போனது. 60 சதவீத மானியம் போய், மாங்டேச்சூ திட்டத்தில் 30 சதவீதம்தான் மானியம். 70 சதவீதம் 10 சதவீத வட்டிக்குக் கடன்! 720 மெகாவாட் மாங்டேச்சூ 2019-ல் முடிந்தது. யூனிட்டுக்கு 4 ரூபாய் 12 பைசா விலை பேசப்பட்டதால் தப்பித்தது. 2008-ல் தொடங்கிய 1,200 மெகாவாட் புனாட்சாங்சூ-1 அப்படித் தப்பவில்லை. 2013-ல் அணை கட்டும் இடத்தில் வலது கரை மலை சரிந்தது. ஆண்டுகள் போயின, செலவு ஏறியது, வட்டியும் ஏறியது. மலை கணக்குப் புத்தகத்தைப் படிப்பதில்லை அல்லவா?

இன்னொரு தொல்லை நாணயத்தில் இருக்கிறது. 1974-ல் அறிமுகமான பூட்டானின் "இங்குல்ட்ரம்" இந்திய ரூபாய்க்குச் சமமான மதிப்புடையது. ஆனால் பூட்டான் இங்குல்ட்ரம் அச்சடிக்கலாம், ரூபாய் அச்சடிக்க முடியாது. அரிசி, பெட்ரோல், கார், கம்பி எனப் பலவும் இந்தியாவிலிருந்து ரூபாயில் வர வேண்டும். அணை கட்டும் காலத்தில் கையில் பணம் புழங்க, இறக்குமதியும் ஏற, 2012-ல் ரூபாய்க்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. வாகன இறக்குமதியை நிறுத்த வேண்டிய நிலை. 2020களின் தொடக்கத்தில் நாட்டின் வெளிக்கடன் அதன் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பங்கு நீர்மின் கடன்தான்.

போதாததற்கு, குளிர்காலத்தில் ஆறுகள் வற்றுகின்றன. கோடையில் மின்சாரம் விற்கும் நாடு குளிர்காலத்தில் அதே இந்தியாவிடம் வாங்குகிறது!

குங்தோங்: காலியான வீடுகள்

இத்தனைக்கும் நடுவில் வயலில் என்ன நடந்தது? 1961-ல் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் விவசாயிகள். 2020களிலும் வேலை செய்வோரில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் விவசாயத்தில்தான். ஆனால் நாட்டின் உற்பத்தி மதிப்பில் விவசாயத்தின் பங்கு ஐந்தில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. பத்தில் நான்கு பேர் சேர்ந்து உழைத்து ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சம்பாதித்தால், பக்கத்து நகரத்துக்கு ஓடாமல் என்ன செய்வார்கள்?

சரிவான நிலத்தில் டிராக்டர் ஓடாது. காட்டுப் பன்றியும் குரங்கும், தெற்கில் யானையும் பயிரை அழிக்கின்றன. காட்டைக் காக்கும் சட்டம் நல்லது. ஆனால் அதன் செலவை இரவெல்லாம் வயலில் காவல் இருக்கும் விவசாயிதான் கட்டுகிறான். படித்த பிள்ளைகள் திம்புவுக்குப் போய்விட, வேலைக்கு ஆள் இல்லை. இந்திய அரிசி மலிவாகக் கிடைக்க, படிக்கட்டு வயல்கள் தரிசாகின்றன. நாட்டின் அரிசித் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. இப்படி ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் பூட்டான் மொழியில் "குங்தோங்" என்று பெயர். கிழக்கு மாவட்டங்களில் இது மிகவும் அதிகம்.

போன பிள்ளைகளுக்கு நகரத்தில் வேலை கிடைத்ததா? 2022-ல் இளைஞர்களிடையே வேலையின்மை 28 சதவீதத்தைத் தாண்டியது. அந்தச் சமயத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பினார்கள். ஆசிரியர்கள், நர்ஸ்கள், அரசு அதிகாரிகள்கூடப் போனார்கள். 1990களில் விரட்டப்பட்டுப் போனவர்கள் ஒரு கூட்டம். 2020களில் தாங்களாகவே போனவர்கள் இன்னொரு கூட்டம்.

அரசு சும்மா இருக்கவில்லை. 2023 டிசம்பரில் தெற்கில் கெலெப்பு என்ற இடத்தில் புதிய நகரம் ஒன்றை மன்னர் அறிவித்தார். மிஞ்சிய மின்சாரத்தைக் கொண்டு அரசு நிறுவனமே பிட்காயின் உருவாக்குவதும் 2023-ல் வெளியே தெரிந்தது. பாசாக்காவில் மின்சாரத்தை உலோகமாக்கியது போல இங்கே மின்சாரத்தை எண்ணாக்குகிறார்கள். லாபம் இருக்கலாம். ஆனால் இதற்கும் ஆட்கள் அதிகம் வேண்டாம்!

முடிவுரை

ஒரு சிறிய மலைநாடு அறுபது ஆண்டுகளில் கழுதைப் பாதையிலிருந்து மின் நிலையம் வரை வந்தது சாதாரணமல்ல. 2023 டிசம்பரில் மிகப் பின்தங்கிய நாடுகள் என்ற ஐ.நா. பட்டியலிலிருந்து பூட்டான் வெளியேறியது. அதற்கு ஆறுகளுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆனால் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் இருக்க வேண்டிய உறவு அங்கே ஏற்படவில்லை. பொதுவாக வயலில் மிஞ்சிய ஆட்களைத் தொழிற்சாலை எடுத்துக்கொள்ளும். தொழிற்சாலை ஊழியர்கள் வயலில் விளைந்ததை வாங்குவார்கள். ஒன்றை ஒன்று தூக்கி விடும். பூட்டானில் தொழில், வயலைத் தொடாமல் ஆற்றிலிருந்து நேராகக் கஜானாவுக்குப் போய்விட்டது. கஜானாவிலிருந்து பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் கிராமத்துக்குத் திரும்பி வந்தது உண்மை. பிழைப்பாகத் திரும்பி வரவில்லை.

முன்பு நெல் கொடுத்த விவசாயி இல்லாமல் கோட்டையில் அடுப்பு எரியாது. இன்று அவன் ஊரைக் காலி செய்தாலும் அரசாங்கம் நடக்கும். ஒரு நாட்டின் மகிழ்ச்சியை அளக்கப் பல அளவுகோல்கள் இருக்கலாம். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் அதில் ஒன்றாக இருக்க வேண்டும்.